கடோங்கோ கமு: உகாண்டாவின் ஒற்றைக் கிதார் பாட்டைக் கேட்கப் பழகுவது எப்படி?

உகாண்டாப் பாட்டு என்றதும் வெளியாட்களுக்கு இரண்டு பெயர்கள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஒருவர் எடி கென்ஸோ. 2014-இல் கம்பாலாச் சிறுவர்கள் புழுதியில் ஆடும் வீடியோவால் உலகத்துக்குத் தெரியவந்தவர். இன்னொருவர் போபி வைன். பாடகராக இருந்து 2017-இல் நாடாளுமன்றத்துக்குப் போய், 2021-இல் அதிபர் தேர்தலிலும் நின்றவர். இவர்களிடமிருந்து தொடங்கினால் தவறில்லை. ஆனால் இவர்களுடைய பாட்டில் ஏன் இத்தனை பேச்சு, மெட்டு ஏன் வரிக்கு வரி லேசாக நெளிகிறது, ஜனங்கள் ஏன் ஆடுவதை நிறுத்திவிட்டு வார்த்தையைக் கவனிக்கிறார்கள் என்பதெல்லாம் புரிய வேண்டுமானால், இரண்டு தலைமுறை பின்னால் போய்க் கடோங்கோ கமுவைக் கேட்க வேண்டும்.

பெயருக்குப் பொருள் ‘ஒரே ஒரு சின்னக் கிதார்’. அரண்மனை வாத்தியமான எண்டோங்கோ என்ற எட்டு நரம்பு யாழின் பெயரே சுருங்கிக் கிதாருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஆள், ஒரு கிதார், லுகண்டா மொழியில் ஒரு நீண்ட கதை. 1950களிலும் 60களிலும் கம்பாலாவைச் சுற்றியுள்ள பகண்டா மக்களிடையே இது உருவானது. வரி கட்டாதவன், ஊரை விட்டு நகரத்துக்கு வந்து கெட்டவன், இரண்டு பெண்டாட்டிக்காரன், கடன்காரன், சாவு என்று எதையும் இதில் பாடலாம். பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

இதைக் கேட்கத் தொடங்குபவர் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: இங்கே மெட்டுக்குள் சொல்லைத் திணிப்பதில்லை, சொல்லின் பின்னால்தான் மெட்டு போகும்.

சொல்லுக்கு எத்தனை மாத்திரை?

லுகண்டாவில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ‘ஒகுசிபா’ என்றால் கட்டுவது. ‘ஒகுசீபா’ என்றால் நோன்பிருப்பது. இரட்டித்து வரும் மெய்யும் தன் பங்குக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ளும். தமிழ் இலக்கணத்தில் மாத்திரைக் கணக்குப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பகண்டா மரபுப் பாட்டில் இந்தக் கணக்கு அப்படியே தாளத்துக்குள் இறங்குகிறது. குறிலுக்கு ஒரு துடிப்பு, நெடிலுக்கு இரண்டு துடிப்பு. குறிலை இழுத்துப் பாடினால் கேட்பவர் வேறு சொல்லைக் கேட்டுவிடுவார். அதனால் நம் பாட்டில் வருகிற மாதிரி, ஒரே உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆலாபனை செய்ய இங்கே அதிக இடமில்லை.

அடுத்தது சுரம். லுகண்டா ஏற்ற இறக்கம் உள்ள மொழி; ஒரு சொல்லில் எந்த அசை மேலே நிற்கும், எந்த அசை கீழே விழும் என்பது மொழியிலேயே அமைந்திருக்கிறது. பாடகர் அதை முடிந்தவரை மதிக்கிறார். பேச்சில் உயரும் அசை பாட்டிலும் பெரும்பாலும் உயரும். இதனால் முதல் சரணத்தின் மெட்டு இரண்டாம் சரணத்தில் அச்சடித்தாற்போல் திரும்பி வராது. சொல் மாறினால் வளைவும் மாறும்.

புதிதாகக் கேட்பவர்கள் “ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாரே” என்று சலித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். மேலோட்டமாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளின் முடிவை மட்டும் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒன்று கீழே இறங்கி முடியும், மற்றொன்று பாதியில் நின்று கீழே போகும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் பாடகரின் கைத்திறம். மிஷனரிகள் கொண்டுவந்த ஐரோப்பியத் தேவாலய மெட்டுகளில் லுகண்டா வரிகளைப் பொருத்தியபோது சிக்கல் வந்ததற்கும் இதுவே காரணம். மெட்டு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, சொல் அதற்குள் நசுங்கியது. ஜோசப் க்யகம்பித்வா என்ற இசையமைப்பாளர் இதற்கு மாற்றாகப் பகண்டா இசை முறையிலேயே விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட உகாண்டா வேதசாட்சிகளைப் பற்றி ஒரு பெரிய தேவாலய இசைப் படைப்பை எழுதினார். 1964-இல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அது ரோமில் பாடப்பட்டது.

தகிடவும் தகவும் ஒன்றாக

தாளத்துக்கு வருவோம். இதில் சறுக்காதவர்கள் குறைவு. கடோங்கோ கமுவின் அடியில் ஓடுவது பெரும்பாலும் பாகிசிம்பா ஆட்டத்தின் தாளம். நம் கணக்கில் சொன்னால், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. ஆனால் திஸ்ரம் மட்டும் என்று நினைத்துக் கேட்டால் பாதிதான் காதில் விழும்.

ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலால் நான்கு முறை தட்ட வேண்டும்: தகிட, தகிட, தகிட, தகிட. அதாவது 1, 4, 7, 10 ஆகிய துடிப்புகளில் காலடி. இப்போது அதே 12-ஐக் கையால் ஆறு முறை தட்டுங்கள்: தக, தக, தக, தக, தக, தக. கை 1, 3, 5, 7, 9, 11-இல் விழும். இரண்டும் சந்திப்பது 1-லும் 7-லும் மட்டும். நடுவில் அவை உரசுகிற உரசல்தான் பாகிசிம்பாவில் இடுப்பை ஆட்டுவது.

பெரும்பாலானோருக்குக் கை 3-இல் விழுந்த உடனேயே கால் 4-க்கு முந்திக்கொண்டு ஓடிவிடும். நிமிடத்துக்கு 60 காலடி என்ற வேகத்தில் தொடங்கி, கை தானாகப் போகும்வரை அங்கேயே இருப்பது நல்லது. பிறகு 80, 100 என்று ஏற்றலாம். கால் நிற்காமல் கை மட்டும் தக-விலிருந்து தகிட-வுக்கு மாறித் திரும்ப வந்துவிட்டால் காது தயார்.

பாகிசிம்பா மேளக்கட்டில் பெரிய எம்பூட்டு முழவு பேச்சை நடத்துகிறது, எம்பூஞி அடித்தளத் துடிப்பைக் காக்கிறது, உடும்புத் தோல் போர்த்திய நீளமான எங்கலபி உச்சக் குரலில் குறுக்கே பேசுகிறது. ஒற்றைக் கிதார்க்காரருக்கு இத்தனை பேரும் பத்து விரலுக்குள் அடங்க வேண்டும். கட்டை விரல் தடித்த நரம்பில் முழவாகிறது. ஆள்காட்டி விரல் மெல்லிய நரம்பில் எங்கலபி செய்கிற வேலையைச் செய்கிறது. 1999-இல் காலமான பெர்னார்ட் கபாண்டா இதையும் தாண்டிக் கிதாரின் பெட்டியையே தட்டி மேளமாக்கியவர். வாத்தியக் கூட்டம் எதுவும் இல்லாமல் இந்த வகையைக் கேட்க விரும்புகிறவர்கள் அவருடைய ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.

கிதார் கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி. சி, எஃப், ஜி மூன்று கார்டும் தெரிந்தால் போதும். கட்டை விரல் 1, 4, 7, 10-இல் தாழ்ந்த நரம்பை மீட்டட்டும். ஆள்காட்டி விரல் 3, 5, 9, 11-இல் மேல் நரம்புகளைத் தொடட்டும். ஒரு கார்டுக்கு ஒரு சுற்று. கேட்க எளிது, வாசிக்கும்போது 4-ஐ ஒட்டி வரும் 5-இல் ஆள்காட்டி விரல் அவசரப்படும். கட்டை விரலைச் சற்று அழுத்தி வாசித்தால் அவசரம் அடங்கும். பிக் வைத்து வீசி வாசிக்காதீர்கள். எல்லா நரம்பும் ஒரே சத்தத்தில் ஒலித்தால் முழவும் எங்கலபியும் கலந்து கூழாகிவிடும், அதைவிட மோசமாகப் பாடுகிறவரின் சொல் மறைந்துவிடும். விரல் பழகியதும் பாட வேண்டாம், பேசிப் பாருங்கள். இந்தச் சுற்றின் மேல் இயல்பாகப் பேச முடிகிறதா என்பதே சோதனை.

இப்படிப் பின்னிப் பின்னி வாசிக்கும் பழக்கம் கிதாரோடு வந்ததல்ல. பகண்டா மக்களின் நாடு புகண்டா; அதன் அரசரான கபாகாவின் அரண்மனையில் அமடிண்டா என்ற 12 கட்டை மரச்சட்ட வாத்தியம் உண்டு. வாழைத் தண்டுகளின் மேல் கட்டைகளை அடுக்கி எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் ஒரு மெட்டைச் சம இடைவெளியில் அடிப்பார். எதிரில் இருப்பவர் வேறொரு மெட்டைச் சரியாக அந்த இடைவெளிகளுக்குள் செருகுவார். இரண்டும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 500 அடியைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே தாம் அடிப்பதுதான் தாளத்தின் மேல் விழுவதாக நினைத்து வாசிப்பார்கள். எதிராளியின் அடியைத் துரத்தத் தொடங்கினால் நடை இழுபட்டு நொண்டிவிடும். மூன்றாவது ஆள் உச்சியிலிருக்கும் இரண்டு கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே பின்னிக் கிடப்பதிலிருந்து ஒரு மெட்டை வெளியே எடுத்துக் காட்டுவார். யாருமே தனியாக வாசிக்காத ஒரு மெட்டு அப்போது காதில் கேட்கும்.

அந்த வாத்தியத்தில் ஐந்து சுரம்தான். மோகனம் என்று எண்ணிவிட வேண்டாம். மோகனத்தில் சுரங்களுக்கிடையே தூரம் கூடும், குறையும். அமடிண்டாவில் ஒரு ஸ்தாயியை ஏறக்குறையச் சமமான ஐந்து துண்டாக வெட்டியிருப்பார்கள். ஒரு ஸ்தாயி 1200 செண்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) என்றால் ஒவ்வொன்றும் சுமார் 240 செண்ட். கிதாரின் மெட்டுக்கட்டைகளோ 100 செண்டுக்கு ஒன்று. இரண்டும் ஒட்டாது. பழைய பாடகர்கள் சிலருடைய குரல் கிதாரோடு லேசாக முரண்படுவதுபோல் கேட்டால், அபசுரம் என்று ஒதுக்குமுன் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

அரண்மனையிலிருந்து கேசட்டுக்கு

1966 மே மாதம் அதிபர் ஒபோட்டேயின் உத்தரவில் ராணுவம் மெங்கோவிலுள்ள கபாகாவின் அரண்மனையைத் தாக்கியது. கபாகா இரண்டாம் முட்டேசா தப்பி லண்டன் போய் 1969-இல் அங்கேயே இறந்தார். 1967-இல் அரசாட்சிகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. 1993-இல்தான் அவற்றில் பெரும்பாலானவை பண்பாட்டு அளவில் மீண்டன. அரண்மனை வாத்தியங்கள் அழிந்தன, வாசித்தவர்கள் சிதறினார்கள். கிதார்க்காரர்கள் இதற்கு முன்பே பாடத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், அரசவைப் பாடகர் செய்துவந்த ஒரு வேலை அதன் பிறகு அவர்கள் தலையில்தான் விழுந்தது என்று சொல்லலாம்: அதிகாரத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியதை வேறு கதையில் சுற்றிச் சொல்வது. ஒபோட்டே காலத்திலும் இடி அமீன் காலத்திலும் நேராகப் பேசினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆகவே அடிக்கும் புருஷன், ஏமாற்றும் மாமனார், பேராசை பிடித்த மிருகம் என்று பாட்டில் வருகிறவர்களை இரண்டு தளத்தில் வைத்துக் கேட்கும் பழக்கம் ரசிகர்களுக்கு வந்தது. எந்தப் பாட்டுக்கு எது உள்பொருள் என்று கம்பாலாவில் இன்றும் சண்டை போடுவார்கள். பாடகர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முதல் தலைமுறையில் பிரெட் மசகாஸி, 2004-இல் மறைந்த எல்லி வமாலா, கிறிஸ்டபர் செபடுக்கா, டான் முகுலா ஆகிய பெயர்கள் முக்கியம். வமாலாவின் குரல் மென்மையானது, வாத்தியக் குழுவோடும் பாடியவர். கடோங்கோ கமு கரடுமுரடாகத் தோன்றினால் அவரிடமிருந்து தொடங்கிப் பின்னால் மற்றவர்களிடம் போகலாம். 80களிலும் 90களிலும் வகை மாறியது. ஒற்றைக் கிதார் என்ற பெயர் மட்டும் நின்றது. பேஸ் கிதார் வந்தது, மேள யந்திரம் வந்தது, பாட்டின் கதையை மேடையில் நடித்துக் காட்டும் நாடகக் குழுக்களும் வந்தன. ஹெர்மன் பசுடே, வில்லி முகாப்யா, பிரெட் செபாட்டா, பால் கஃபீரோ எல்லாம் இந்தக் காலத்தவர்கள்.

கஃபீரோவிடம் (1970–2007) சற்று நிற்க வேண்டும். அவருடைய ‘வலும்பே ஸாயா’ சாவைப் பற்றிய பாட்டு. பகண்டா புராணத்தில் வலும்பே என்பவன் சாவு. முதல் மனிதன் கிண்டுவின் மனைவி நம்பிக்கு அண்ணன். வானுலகத்திலிருந்து கிளம்பும்போது எதற்காகவும் திரும்பி வராமல் போகச் சொன்னார்கள். மறந்துபோன தானியத்தை எடுக்க நம்பி திரும்பியதால் அவனும் கூடவே பூமிக்கு வந்துவிட்டான் என்பது கதை. கேட்கிற எல்லோருக்கும் இது பாட்டி சொன்ன கதை. ஆகவே கஃபீரோ கதையை விளக்குவதில்லை, பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டு வழக்காடுகிறார். எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு பிணம் தூக்க வைத்த காலத்தில் வந்த பாட்டு அது. இந்தப் பின்னணி தெரியாமல் கேட்டால் நீண்ட ஒப்பாரியாகத் தோன்றும். தெரிந்து கேட்டால் அதிலிருக்கும் குறும்பும் கோபமும் தெரியவரும்.

1996-இல் புகண்டா அரசாட்சியின் சிபிஎஸ் வானொலி வந்தபோது இந்தப் பாட்டுகளுக்கு லுகண்டாவிலேயே ஒரு வீடு கிடைத்தது. பணம் மட்டும் பாடகரிடம் தங்கவில்லை. கேசட் காலத்தில் பாட்டை மொத்தத் தொகைக்கு விநியோகஸ்தரிடம் விற்றுவிடுவது பெருவழக்கம். பிறகு எத்தனை பிரதி போனாலும் பாடினவருக்கு ஒன்றும் வராது. 2006-இல் காப்புரிமைச் சட்டம் வந்தும், ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்ட பாட்டுகளுக்கு அதனால் பெரிய பயனில்லை.

கடோங்கோ கமுவே உகாண்டா இசை முழுவதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1975-இல் மோசஸ் மட்டோவு தன் சாக்ஸஃபோனோடு தோழர்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆஃப்ரிகோ பேண்ட் முழு வாத்தியக் குழு. ஜோவனிட்டா கவால்யா, ரேச்சல் மகூலா போன்ற பெண் குரல்களுக்கு அங்கே கிடைத்த இடம் ஆண்களே நிறைந்த கடோங்கோ கமுவில் கிடைக்கவில்லை. வடக்கே அச்சோலி மக்களின் கல்யாண ஆட்டமான லராகராகாவைக் கணினியில் ஏற்றி அசுர வேகத்தில் வாசிக்கிறார்கள். கிழக்கே மாசாபா மக்களின் விருத்தசேதனச் சடங்கில் முழங்கும் கடோடி மேளம் இப்போது தேர்தல் ஊர்வலம்வரை வந்துவிட்டது. இதற்கெல்லாம் வேறு காது வேண்டும்.

துடைப்பம் பிடிக்கப் போன இடத்தில்

வெளிநாட்டில் கூலிவேலை செய்வதற்கு உகாண்டாவில் ‘க்யெயோ’ என்று பெயர்; துடைப்பம் என்று பொருள். லண்டன், சுவீடன், அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய வால்த்தம், அண்மைக் காலமாக துபாய் என்று க்யெயோ போன இடமெல்லாம் பாட்டும் போனது. அங்கிருந்து ஊருக்குப் பாட்டு திரும்பியும் வந்தது. சுவீடனில் குடியேறிய ஃபில்லி லுட்டாயா 1980களில் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டுகள் இல்லாமல் இன்றும் உகாண்டாவில் டிசம்பர் பிறப்பதில்லை. தனக்கு எச்ஐவி இருப்பதை முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்ன உகாண்டாப் பிரபலமும் அவர்தான். 1989 டிசம்பரில் இறந்தார். ஜெஃப்ரி ஒரியெமா, அமைச்சராயிருந்த தந்தை 1977-இல் கொல்லப்பட்டதும் காரின் டிக்கியில் ஒளிந்து கென்யாவுக்குத் தப்பிப் பிறகு பிரான்சில் வாழ்ந்தவர். 1990-இல் பிரையன் ஈனோ தயாரித்து வந்த அவருடைய தொகுப்பில் அச்சோலி மொழியும் விரல் பியானோவும் உண்டு.

வெளிநாட்டில் கடோங்கோ கமு அதிகம் கேட்கும் இடம் குவாஞ்ஜுலா. பெண் வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும் சடங்கு அது. இரு தரப்புக்கும் பேச்சாளர்கள் வந்து சொல்லுக்குச் சொல் வாதாடுவார்கள். பேச்சிலேயே ஓடுகிற இந்த வகைப் பாட்டு அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. பாடகரை ஊரிலிருந்து வரவழைப்பதிலும் ஒரு சௌகரியம்: பன்னிரண்டு பேர் பேண்டுக்கு விசாவும் விமானமும் பார்ப்பதைவிட ஒருவருக்குப் பார்ப்பது எளிது. கெடுவது ஒலி அமைப்பில். நடன இசைக்குப் பழகிய ஒலிப்பொறியாளர் பேஸைத் தூக்கி எதிரொலியையும் சேர்த்துவிடுவார். எதிரொலி சேர்ந்தால் குறில் நெடிலாகக் கேட்கும், ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டார்கள். குரலுக்கு எதிரொலி கூடாது, கிதார் குரலுக்கு ஒரு படி கீழே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். லுகண்டாப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு நிலையில்லாதது. செபாட்டாவை முதலில் ஒரு எஸ் போட்டும் இரண்டு எஸ் போட்டும் தேடுங்கள். கஃபீரோவுக்கு ஒரு இ, இரண்டு இ இரண்டும் உண்டு. எல் இருக்கும் இடத்தில் ஆர் இருக்கலாம். ‘நான்ஸ்டாப்’ என்று தலைப்பிட்ட தொகுப்புகளைத் தொடாதீர்கள். அவற்றில் டிஜே ஆட்டத்துக்காகப் பாட்டின் நடுவை வெட்டி வேகத்தையும் ஏற்றியிருப்பார், கதை முறிந்துபோகும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் தாழ்ந்த நரம்பு காணாமல் போய் 1, 4, 7, 10 எங்கே என்றே தெரியாது, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பல்லவி எப்போது வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம், பல பாட்டுகளில் அது பெயருக்குத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்புக்குக் கூகுளில் 2022 முதல் லுகண்டா இருக்கிறது. பாட்டின் சாரத்தைப் பிடிக்க உதவும், பழமொழியில் வழுக்கி விழும். கடோங்கோ கமுப் பாடகர் பழமொழியைப் பாதி சொல்லிவிட்டு மீதியை ரசிகரிடம் விடுவது வழக்கம். அந்தப் பாதியை யந்திரம் நேர்ப்பொருளில் மொழிபெயர்த்து, சம்பந்தமில்லாமல் ஒரு ஆடோ வாழைமரமோ கதைக்குள் வந்து நிற்கும். அப்படி ஏதாவது வந்து நின்றால், அந்த வரியை மட்டும் நகலெடுத்து வீடியோவின் கீழே கருத்துப் பகுதியில் கேளுங்கள். மீதிப் பாதியை அங்கே யாராவது எழுதிவிடுவார்கள், கூடவே அதன் பொருள் அதுவல்ல என்று இன்னொருவரும்.